பழைய பாரமானிப் பதிவேடுகளைத் திறந்துவிடுங்கள்: வானிலை ஆய்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், புவி அறிவியல் அமைச்சகத்தில் தரவுக் கொள்கையைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கக் கடலோரத்தில் இருக்கும் உங்கள் பழைய நிலையங்களில் நூறாண்டுக்கும் மேலாகப் பாரமானி என்ற காற்றழுத்தக் கருவியைப் பார்த்துக் கையால் எழுதி வைத்த காற்றழுத்தப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எண்களைத் தட்டச்சு செய்து, திருத்தம் எதுவும் செய்யாத வடிவில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுங்கள். எந்த ஆண்டு எந்தக் கருவி மாறியது, நிலையம் எங்கிருந்து எங்கே இடம் மாறியது, நாளுக்கு எத்தனை மணிக்கெல்லாம் அளவு எடுத்தார்கள் என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நம் கடற்கரையில் புயல்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று உறுதியாகச் சொல்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நான் கடலூர் மாவட்டத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். ஐப்பசி, கார்த்திகை வந்தால் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தானே, வர்தா, ஒக்கி, கஜா, நிவர், ஃபெஞ்சல் என்று அவர்கள் வயதுக்குள்ளேயே இத்தனை பெயர்களைக் கேட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் இப்படி இல்லையே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் துறையின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் வட இந்தியப் பெருங்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள், புயல்கள் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைவிடப் பின்னால் குறைந்துதான் இருக்கிறது. செயற்கைக்கோள் காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அரபிக்கடலில் புயல்கள் கூடிவிட்டன என்று வேறு சில ஆய்வுகள் சொல்கின்றன. ஐநா காலநிலைக் குழுவின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையோ, எல்லா வகைப் புயல்களையும் சேர்த்த எண்ணிக்கையின் நீண்டகாலப் போக்கைப் பற்றிக் குறைந்த உறுதியோடுதான் பேச முடியும் என்கிறது.

கடல் சூடாகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சூடான கடல் வலுவான புயலுக்கும் கனத்த மழைக்கும் இடம் கொடுக்கும் என்ற இயற்பியலிலும் சந்தேகம் இல்லை. நான் கேட்பது வேறு. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நம் கரையில் உண்மையில் என்ன நடந்தது? அதைச் சொல்ல நம்மிடம் உள்ள கணக்குகள் எவ்வளவு நம்பகமானவை?

2002ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்கூட உருவாகவில்லை என்று உங்கள் பட்டியல் சொல்கிறது. நாடே வறட்சியில் கிடந்த ஆண்டு அது. 2010லும் அப்படியே. பருவமழைத் தாழ்வு மண்டலங்கள் வேகமாக மறைந்து வருகின்றன என்று இந்தப் பட்டியலை வைத்து ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. 2014ல் நஃப்தாலி கோஹன், வில்லியம் பூஸ் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். கடல்மட்டக் காற்றை அளக்கும் செயற்கைக்கோள் தரவையும், பழைய அளவீடுகளைக் கணினி வானிலை மாதிரிக்குள் கொடுத்துக் கடந்தகால வானிலையை மறுபடி உருவாக்கும் 'மறுபகுப்பாய்வு' தரவுகள் பலவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பட்டியல் காட்டிய சரிவு அவற்றில் தென்படவில்லை. தாழ்வு மண்டலம் என்று சொல்லத் தக்க வலுவுள்ள சில சுழல்கள் பட்டியலில் ஏறவே இல்லை என்பது அவர்கள் முடிவு.

உங்கள் வானிலையாளர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நான் இதைச் சொல்லவில்லை. காற்று 17 நாட் (knot), அதாவது மணிக்கு ஏறக்குறைய 31 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே இருந்தால் தாழ்வுப் பகுதி, அதைத் தொட்டால் தாழ்வு மண்டலம். நிலத்தின் மேல் என்றால் ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் சமஅழுத்தக் கோடுகளை இரண்டு ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) இடைவெளியில் வரைந்தால் மூடிய கோடுகள் எத்தனை வருகின்றன என்று பார்க்க வேண்டும். வரைபடத்தில் அந்தக் கோட்டை மூடுவதா, திறந்தபடி விடுவதா என்பதைப் பணியில் இருந்த ஒரு மனிதர் அன்றைக்குக் கையிலிருந்த சில கப்பல்களின் தகவலை வைத்து, அவசரத்தில் முடிவு செய்தார். எச்சரிக்கை கொடுப்பதற்கு அந்த முடிவு போதும். 1900லும் 1950லும் 2000லும் அதே அளவுகோலால் முடிவெடுத்தார்களா என்று கேட்டால் யாராலும் ஆம் என்று சொல்ல முடியாது. ஆகவே 1891 முதல் தொடங்கும் உங்கள் புயல் பாதை வரைபடத் தொகுப்பு விலைமதிப்பற்றது என்றாலும், அதை நேரடி அளவீடு என்று கருதக்கூடாது. அது அளவீடுகளைப் பார்த்து மனிதர்கள் எடுத்த முடிவுகளின் தொகுப்பு. பழைய காலத்துக்கு அதில் தாழ்வு மண்டலம், புயல், கடும்புயல் என்ற மூன்று படிகள்தான். இன்றைய அதிதீவிரப் புயலையும் சூப்பர் புயலையும் அந்தப் படிகளோடு வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

சரி, மறுபகுப்பாய்வை நம்பலாமா? அங்கேயும் அதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. இதற்குப் பாடம் ஐரோப்பாவில் கிடைத்தது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் கில்பர்ட் காம்போ தலைமையிலான குழு இருபதாம் நூற்றாண்டு மறுபகுப்பாய்வு என்ற ஒன்றை உருவாக்கியது. தரைமட்டக் காற்றழுத்த அளவுகளை மட்டும் எடுத்து, கடல் வெப்பநிலையையும் கடல் பனியையும் எல்லையாகக் கொடுத்து, இன்றைய வானிலை மாதிரியை 1871 வரை பின்னோக்கி ஓட்டினார்கள். மூன்றாம் பதிப்பு 1836 வரைக்கும் போகிறது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. 2011ல் மார்கஸ் டோனாட்டும் கூட்டாளிகளும் அதிலிருந்து வட அட்லாண்டிக், வடகடல் பகுதிகளில் 1871 முதல் புயற்காற்று கூடிக்கொண்டே வந்திருக்கிறது என்று கண்டார்கள். 2013ல் ஆலிவர் க்ரூகர் குழுவினர் அதே கேள்வியை நேரடி அளவீட்டிடம் கேட்டார்கள். மூன்று நிலையங்களை ஒரு முக்கோணமாக எடுத்து, அவற்றின் அழுத்த வேறுபாட்டிலிருந்து அந்தப் பரப்பின் காற்று வேகத்தைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் மிக உயர்ந்த வேகங்கள் எப்படி மாறின என்று பார்க்கும் முறை அது. பாரமானி சொன்ன கதை வேறாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புயற்காற்று அதிகம், 1960களில் குறைவு, 1990களின் தொடக்கத்தில் மறுபடி அதிகம், அப்புறம் இறக்கம். மொத்தமாகப் பார்த்தால் நீண்டகால ஏற்றம் இல்லை. மறுபகுப்பாய்வும் அளவீடும் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒத்துப்போகின்றன. அதற்கு முன்னால் பிரிகின்றன.

பிரிவதற்கு அவர்கள் காட்டிய காரணம்தான் நமக்கு முக்கியம். பின்னோக்கிப் போகப் போக உள்ளே கொடுக்க அளவீடுகள் குறைகின்றன. புள்ளி குறைந்த கோலத்தில் மிச்ச இழையைப் போடுபவர் கைதான் தீர்மானிக்கும். இங்கே அந்தக் கை கணினி மாதிரியுடையது. அளவீடு குறைந்த இடத்தில் அது புயலை மழுங்கடித்துவிடும். புள்ளிகள் சேரச் சேரப் புயல்கள் கூர்மையாகத் தெரியும். காற்று மாறாமலேயே புயல் கூடிவிட்டது போல ஒரு கோடு மேலே ஏறும்.

வட அட்லாண்டிக்கிலேயே இப்படி என்றால் வங்காள விரிகுடாவைப் பற்றி யோசியுங்கள். அட்லாண்டிக்கில் கப்பலும் நிலையமும் நெருக்கமாக இருந்தன. இங்கே அந்தமானுக்குத் தெற்கே பல நாட்கள் ஒரு கப்பல்கூடப் போகாத பரப்புகள் இருந்தன. இரண்டு உலகப் போர்களின் ஆண்டுகளில் கப்பல் தகவல்கள் இன்னும் மெலிந்தன. 2022ல் சவின் சந்த் குழுவினர் இதே மறுபகுப்பாய்வைக் கொண்டு, உலகம் முழுவதும் வெப்பமண்டலப் புயல்களின் எண்ணிக்கை இருபதாம் நூற்றாண்டில் ஏறக்குறைய 13 விழுக்காடு குறைந்தது என்று எழுதினார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்தது 1850 முதல் 1900 வரையிலான காலத்தை. அவர்கள் கவனமாகத்தான் வேலை செய்தார்கள். ஆனாலும் அந்த மறுபகுப்பாய்வுக்குள் பழைய புயல் பட்டியல்களில் கண்ட மைய அழுத்தங்களும் உள்ளீடாகப் போயிருக்கின்றன. நம் கடலில் அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? உங்கள் துறையின் ஆவணங்களிலிருந்துதான். பட்டியலை மறுபகுப்பாய்வால் சோதித்து, மறுபகுப்பாய்வைப் பட்டியலால் சோதித்துக்கொண்டிருந்தால் வட்டத்தைவிட்டு வெளியே வரவே முடியாது.

வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒரே சாட்சி, நிலையத்தில் ஒருவர் பாதரச மட்டத்தைக் கண்ணால் பார்த்து எழுதிய எண்.

காற்று வேகத்தை ஏன் கேட்கவில்லை என்று உங்கள் துறையினர் கேட்கமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காற்றுவேகமானி சுற்றுப்புறத்துக்கு அடிமை. பக்கத்தில் ஒரு மரம் வளர்ந்தால், ஒரு மாடிக் கட்டடம் எழுந்தால் அளவு குறைந்துவிடும். பழைய ராபின்சன் கிண்ணக் கருவியில் கிண்ணம் சுற்றும் வேகத்தை மூன்றால் பெருக்கிக் காற்று வேகம் என்று எழுதினார்கள். அந்தப் பெருக்கல் எண் அதிகம் என்பது பின்னால் தெரிந்தது. அப்படியே எடுத்துக்கொண்டால் அந்தக் காலத்தில் காற்று பலமாக வீசியது போலத் தோன்றும். கடும்புயலில் கருவியே முறிந்து போவதும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று இன்று எல்லாரும் மேற்கோள் காட்டும் எண் கருவியில் பதிவானதன்று, மதிப்பீடு. பாரமானியைச் சுற்றி ஊர் வளர்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. உயரம், வெப்பநிலை, ஈர்ப்புத் திருத்தம் மூன்றும் தெரிந்தால் 1880ன் எண்ணையும் 2020ன் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

அதற்காக ஐரோப்பிய முறையை அப்படியே இங்கே இறக்கிவிடவும் முடியாது. பூமி சுழல்வதால் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் விலக்குவிசை நாகப்பட்டினத்தின் அட்சரேகையில் வடகடலில் இருப்பதில் கால்வாசிக்கும் குறைவு. அழுத்த முக்கோணத்திலிருந்து காற்றைக் கணக்கிட்டால் அந்தச் சின்ன எண்ணால் வகுக்க வேண்டியிருப்பதால் சின்னப் பிழை பெரிய பிழையாகப் பெருகும். மேலும் நம் புயல்கள் உருவில் சிறியவை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே நுழைந்து போய்விடக்கூடியவை.

ஆனால் வெப்பமண்டலத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே சாதாரண நாட்களில் காற்றழுத்தம் கடிகாரம் போல நடக்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் தாழ்வு, இரவில் மறுபடி ஒரு சுற்று. ஏற்ற இறக்கம் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு. அந்த நடையிலிருந்து அழுத்தம் விலகினால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். இந்த அன்றாட நடையைக் கழித்துவிட்டு, 24 மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்பதை ஒவ்வொரு கரையோர நிலையத்துக்கும் ஆண்டுதோறும் எண்ணலாம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், பாம்பன் என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு புயல் எங்கே கரையைக் கடந்தது, எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதும் ஓரளவு தெரியும். இதில் பட்டியல் எதுவும் வேண்டாம், யாருடைய தீர்ப்பும் வேண்டாம். இப்படிக் கிடைக்கும் வரிசையையும் மறுபகுப்பாய்வு அதே இடத்துக்குத் தரும் அழுத்தத்தையும் ஒப்பிட்டால், எந்த ஆண்டு வரைக்கும் மறுபகுப்பாய்வை நம்பலாம் என்று நம் கடலுக்கென்று தனியாகச் சொல்ல முடியும்.

இதைச் செய்ய அளவெடுத்த நேரம் கட்டாயம் தெரிய வேண்டும். உங்கள் நிலையங்களில் ஒரு காலத்தில் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பார்த்தார்கள், பின்னர் உள்ளூர் நேரப்படி 8 மணிக்குப் பார்த்தார்கள், இன்று காலை 8.30க்குப் பார்க்கிறார்கள். மதராஸ் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்னே. காலையில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் பொழுதில் இந்த மாற்றம் நடந்தால் அழுத்தமே கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல ஒரு படி விழும். பதிவேட்டின் ஓரத்தில் எழுதிய ஒரு குறிப்பு இருந்தால் அந்தப் படியைச் சரிசெய்துவிடலாம். அதனால்தான் எண்களோடு பக்கத்தின் படத்தையும் கேட்கிறேன். திருத்தி, சராசரி போட்டு, வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்துக் கட்டம் கட்டமாக்கிக் கொடுக்கும் தரவில் இந்த ஓரக்குறிப்புகள் எல்லாம் தொலைந்துபோகும்.

நம்மிடம் இருக்கும் செல்வம் சாதாரணமானதில்லை. 1864 அக்டோபரில் கல்கத்தாவையும் அதே ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் புயல் அடித்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. உங்கள் துறை 1875ல் பிறக்க ஒரு காரணம் அந்தக் கல்கத்தா புயல். அதற்கும் முன்பே, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் 1796 முதல் அன்றாட வானிலையைக் குறித்து வைத்தார். தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானியப் பாதிரிமார்களின் குறிப்புகளிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் மதராஸ் வானிலையை ஆய்வாளர்கள் மீட்டிருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் 891 குறிப்பேடுகளிலிருந்து, 1789 முதல் 1834 வரைக்கான 2,73,000 அளவுகளை பிரிட்டனில் எடுத்து வெளியிட்டார்கள். இந்த வேலைகள் பெரும்பாலும் வெளிநாட்டு நூலகங்களில், வெளிநாட்டுக்காரர்களால் நடந்தவை. நம் கடலின் கதைக்கு நாம் நம் பங்கைச் செய்ய வேண்டாமா?

திறந்து கொடுக்காததால் வந்த இழப்புக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். உலக அளவில் புயல்களின் வலிமையைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஒரே சீராகக் கணித்தவர்கள், இந்தியப் பெருங்கடலுக்கு 1998ஐ ஒரு முறிவாகக் குறிக்கிறார்கள். அந்த ஆண்டுதான் ஐரோப்பாவின் மெட்டியோசாட்-5 செயற்கைக்கோள் நம் கடலுக்கு மேலே நகர்த்தப்பட்டது. அதுவரை மேற்கிலும் கிழக்கிலும் தூரத்திலிருந்த செயற்கைக்கோள்கள் சாய்வாகப் பார்த்த படங்களே அவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் 1983 முதலே இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல்தான் இருந்தது. அதன் படங்கள் வெளி ஆய்வாளர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கவில்லை. உலகத்தின் நீண்ட வரிசையில் நம் கடலுக்கு நேர்ந்த அந்தக் குறையை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதியில், சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க வேகம் என்ற கணக்கில் வந்தது அது. மின்கோபுரமும் செல்போன் கோபுரமும் பள்ளிக்கூடக் கூரையும் அதை வைத்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன. 2018 நவம்பர் 16ல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுபடி தென்னை வைப்பதா, வேறு பயிருக்குப் போவதா என்று பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி யோசிக்கும்போது அவருக்கு வேண்டிய எண் ஒன்றே ஒன்று: இப்படி ஒரு புயல் இந்த இடத்துக்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? 1952 நவம்பர் 30ல் நாகப்பட்டினத்தை அடித்த புயலுக்கும் கஜாவுக்கும் இடையே 66 ஆண்டுகள். வட இந்தியப் பெருங்கடல் முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து புயல்கள்தான். அவற்றில் ஒரு குறிப்பிட்ட மாவட்டத்தைத் தொடுபவை மிகச் சில. முப்பது நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் தரவை மட்டும் வைத்து அந்த எண்ணைச் சொல்ல முடியாது. நூற்றைம்பது ஆண்டு அழுத்த வரிசை இருந்தால் முயலலாம். காப்பீட்டுக்காரர்களும் அரசும் இந்த எண்ணை எப்படியும் ஏதோ ஒரு மாதிரியிலிருந்து எடுக்கத்தான் போகிறார்கள். அந்த மாதிரியை யாரும் பாரமானியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டால், அதன் பிழைக்கு விலை கொடுப்பவர் தோப்புக்காரர்தான்.

பணமும் ஆளும் இல்லை என்று சொல்வீர்களானால், 2020ல் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். ஊரடங்கில் வீட்டில் இருந்த ஏறத்தாழ 16,000 தன்னார்வலர்கள், 65,000 பழைய மழைப்பதிவுத் தாள்களை இரண்டு மூன்று வாரங்களுக்குள் தட்டச்சு செய்து முடித்தார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள். ஒரே தாளைப் பலர் தனித்தனியாகத் தட்டச்சு செய்ததால் பிழைகள் தாமாகவே வெளிப்பட்டன. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் எத்தனை கல்லூரிகள், எத்தனை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மழை வந்தால் ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருக்கும் எத்தனை இளைஞர்கள்! படங்களைக் கொடுத்தால் போதும், தட்டச்சு வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மிஷன் மௌசம் திட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். புதிய ரேடாரும் கணினியும் வேண்டும்தான். காகிதத்தைப் படமெடுக்க அதில் ஒரு சின்னப் பங்கு போதும், ஆனால் காகிதம் காத்திருக்காது. கரையோர ஈரத்தில் மை மங்கும், கரையான் வரும்.

மழை, வெப்பநிலைக்கான கட்டத் தரவைப் புணே அலுவலகம் இலவசமாகத் தருவதை நன்றியோடு சொல்ல வேண்டும். என் மாணவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். நிலையங்களின் மணிவாரி அழுத்தத்துக்கு மட்டும் விண்ணப்பம், உறுதிமொழி, சிலருக்குக் கட்டணம் என்று இருப்பதைத் தளர்த்துங்கள். 2012ல் அரசே கொண்டுவந்த தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையின் நோக்கமும் அதுதானே. நூறு ஆண்டுக்கு முந்தைய காற்றழுத்தத்தில் பாதுகாப்பு ரகசியம் எதுவும் இருக்க முடியாது.

கொழும்போடும் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தனுஷ்கோடிப் புயல் வவுனியா வழியாகத்தான் நம்மிடம் வந்தது. திருகோணமலையும் யாழ்ப்பாணமும் இல்லாமல் பாக் நீரிணையின் வரிசை முழுமையடையாது. அதேபோல போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜய புரம்) உங்கள் கையிலேயே இருக்கிறது. கடலுக்கு நடுவே நிற்கும் அந்த ஒரு நிலையம் கரையோரத்தில் பத்து நிலையங்களுக்குச் சமம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. முதல் தவணையாகச் சென்னை, நாகப்பட்டினம், பாம்பன், போர்ட் பிளேர் ஆகிய நான்கு நிலையங்களின் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான பக்கங்கள், தொடக்கம் முதல் 1960 வரை. 1960 ஏப்ரலில் முதல் வானிலைச் செயற்கைக்கோள் பறந்தது. அதற்கு முந்தைய காலத்துக்குத்தான் பாரமானியை விட்டால் வேறு ஆதரவு இல்லை. இந்த நான்கு நிலையங்களின் பதிவேடுகள் இப்போது எந்த அலுவலகத்தில், எந்த நிலையில் இருக்கின்றன, எந்த ஆண்டுகள் விடுபட்டுள்ளன என்ற ஒரு பட்டியலையாவது அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வெளியிடுங்கள். படமெடுக்கும் வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று அதைப் பார்த்துப் பேசலாம்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்திலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்